இலவசம் யார் செலவில்?

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’, ‘இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்’ என்ற அறிவிப்புகளைப் பல்பொருள் அங்காடிகளில் காண்கிறோம். பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்துவந்த இச்சலுகைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு வருகின்றன. கள்ளக்குறிச்சி விவசாயிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும் இன்று அங்காடிகளில் பொட்டலமாக விற்கப்படும் பண்டங்கள். எனவே சம்பந்தம் உண்டு.

நிறுத்தியது ஏன்?

பைகளில் அடைத்து விற்கும் கீரை வகைகளில் 68 சதவீதம் வயலுக்கும் வீட்டுக்கும் இடையே வீணாவதாக டெஸ்கோ நிறுவனம் 2013-ல் கணக்கிட்டது. அதன்பின் பெரிய பைகளுக்கான இலவசச் சலுகையைக் கைவிட முடிவு செய்தது. 2016-ல் செயின்ஸ்பரி நிறுவனம் இத்தகைய சலுகைகளில் பெரும்பாலானவற்றை விலக்கி, ஒரே சீரான குறைந்த விலைக்கு மாறியது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளுக்கு இச்சலுகை தருவதை 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் சட்டமே தடுத்துள்ளது.

இவையெல்லாம் வாங்குபவரின் நலனையும் வீணாவதையும் பற்றியவை. விளைவிப்பவருக்கு முக்கியமானது வேறொன்று. சலுகைச் செலவின் பெரும்பகுதியைச் சரக்கு தருபவர் தலையில் பெரிய அங்காடிகள் சுமத்தக் கூடாது என்று 2010-ல் பிரிட்டனில் நடத்தை விதி வந்தது. சுமை எவர் மீது விழுந்தது என்பதற்கு இந்த விதியே சான்று.

கணக்கைப் பாருங்கள்

உதாரணமாக, ஒரு கிலோ சாமை அரிசி 120 ரூபாய். அதில் விளைவித்தவருக்குச் சேருவது 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு ஒன்று இலவசம் என்றால் மூன்று கிலோ 240 ரூபாய்க்குப் போகிறது. கிலோ 80 ரூபாய்தான். அரவை, பொட்டலம், வண்டிக் கூலி, கடை லாபம் எதுவும் குறையாவிட்டால் அந்த 40 ரூபாயும் விளைவித்தவரின் பங்கிலிருந்தே போகும். கையில் மிஞ்சுவது 20 ரூபாய்.

சலுகை நின்றால் மட்டும் இந்த நஷ்டம் தீர்ந்துவிடாது. கடையில் விலை ஏறியும் கொள்முதல் விலை பழைய மட்டத்திலேயே நின்றால் லாபம் கடைக்குத்தான். நம் ஊர்க் காய்கறிக் கடையில் கறிவேப்பிலையைக் கொசுறாகத் தருவது நின்ற நாளிலும், அதைப் பயிரிட்டவருக்குக் கூடுதல் காசு தானாக வந்துவிடுவதில்லை. எனவே சலுகை முடியும் தருணமே விலையைத் திரும்பப் பேச ஏற்ற தருணம்.

எல்லாச் சலுகையும் தீதா?

அல்ல. தக்காளி ஒரே சமயத்தில் வந்து குவியும்போது, சாலையோரம் கொட்டுவதைவிடச் சலுகை விலையில் விற்பது மேல். ஆனால் தக்காளிக்கு உள்ள அவசரம் சாமைக்குக் கிடையாது. நன்கு காயவைத்து உமியுடன் சேமித்தால் சிறுதானியம் நெடுநாள் கெடாது. உமி நீக்கிய அரிசியில்தான் பூச்சியும் சிக்கு வாடையும் விரைவில் சேரும். ஆகவே தானியமாகவே இருப்பு வைத்து, தேவைக்கு ஏற்ப அரைத்துத் தருவதே சிறந்தது. அப்படிக் காத்திருக்கக் கூடிய பண்டத்தை இலவசத்தில் தள்ளிவிட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

வெள்ளிமலைப் பகுதியில் ஓரிரு மூட்டை வைத்திருப்பவர் தனியாகப் பேரம் பேசினால் எடுபடாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ சேர்ந்து, தரம் பிரித்து, எடை போட்டுப் பேச வேண்டும். சலுகை எத்தனை நாள், அதன் செலவில் கடையின் பங்கு என்ன, முடிந்தபின் கொள்முதல் விலை என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். காய்கறி விளைவிப்போருக்கு உழவர் சந்தை உண்டு. 1999-ல் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில் அன்றன்று விலை குறிக்கப்படுகிறது. எடை போட்டு, இடைத்தரகர் இன்றி விற்கலாம்.

கடைக்காரர் இலவசம் தரட்டும். அது அவர் விருப்பம். அந்தச் செலவு உழவர் கணக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வது உழவர் பொறுப்பு.