சினிமாவில் ஒரு கறுப்பினக் குமாஸ்தாவைக் காட்டுங்கள்

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடை முடிந்து, காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்து பிரெஞ்சு படித்த நண்பர், முதல் நாள் இரவு பார்த்த படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2011-இல் வந்த 'ஆன்தூஷாப்ள்'. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பாரிஸ் பணக்காரரை, சிறையிலிருந்து வந்த கறுப்பின இளைஞன் கவனித்துக்கொள்ளும் கதை. நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த 'தோழா'வின் மூலப்படம் அதுதான்.

"என்னப்பா, கறுப்பர்களை எவ்வளவு நல்லவர்களாகக் காட்டுகிறான் பார்! அந்தப் பையன் சிரித்தால் வீடே சிரிக்கிறது. இனிமேல் யாரும் குறை சொல்ல முடியாது" என்றார்.

"குறையே அந்தச் சிரிப்புதான்" என்றேன். பேச்சு சண்டையாகி, எட்டரை மணி வெயில் வந்துதான் எங்களை எழுப்பியது. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை நானும் ரசித்தேன். பிரான்சில் மட்டும் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்ற படம். அதில் நடித்த ஓமர் சி, 2012-இல் சிறந்த நடிகருக்கான செசார் விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவர்தான். நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. இது ஓர் உண்மைக் கதை. நிஜத்தில் அந்தப் பணக்காரரைக் கவனித்துக்கொண்டவர் அல்ஜீரியாவில் பிறந்தவர். படத்துக்காக அவரைச் செனகல் வம்சாவளிக் கறுப்பராக மாற்றினார்கள். நடிகருக்காக மாற்றியிருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் மாற்றிய பிறகு அவர் கையில் என்ன கொடுத்தார்கள்? சிறை, புறநகர் அடுக்குமாடி, நடனம், பெரிய சிரிப்பு. வெள்ளைக்கார முதலாளிக்கு வாழ்க்கையை ரசிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அவருடைய சொந்தக் கவலைகள் ஓரிரண்டு காட்சிகளில் வந்து போய்விடும்.

அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு. பனானியா என்ற சாக்லேட் பொடியை நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1915-இலிருந்து அதன் விளம்பரத்தில் சிவப்புக் குல்லா போட்ட செனகல் சிப்பாய் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அதே காலத்தில் நிஜமான செனகல் சிப்பாய்கள் பிரான்சுக்காகப் பதுங்கு குழிகளில் செத்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் செனகலின் முதல் ஜனாதிபதியான கவிஞர் செங்கோர், அந்தச் சிரிப்பின் மேல் கோபப்பட்டுக் கவிதையே எழுதியிருக்கிறார். சொல்தா குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில் அந்தக் கோபத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். "தோழாவில் கார்த்தியும் ஜெயிலிலிருந்து வந்தவன்தானே? அதற்கு நீ கோபப்படவில்லையே?"

நல்ல கேள்வி. என் வாதமே அதற்குள்தான் இருக்கிறது. 'தோழா' வந்தது 2016-இல். அடுத்த ஆண்டே 'காற்று வெளியிடை'யில் கார்த்தி விமானப்படை விமானி, 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தில் போலீஸ் அதிகாரி. 2018-இல் 'கடைக்குட்டி சிங்கம்' படத்தில் விவசாயி. அதனால் 'தோழா'வைப் பார்த்து யாரும் தமிழன் என்றால் ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று நினைக்கவில்லை. நமக்கு நூறு முகங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று திருடனாக இருந்தால் பாதகமில்லை. மொத்தமே இரண்டு முகம்தான் என்றால், அந்த இரண்டும் ஓர் இனத்தின் அடையாள அட்டையாகிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டானியல், ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. அங்கே இனப்பாகுபாட்டுச் சட்டம் இருந்தது. 1940-இல் விருது விழாவிலும் உடன் நடித்தவர்களோடு அவர் உட்காரவில்லை, தனி மேசை. விருதுக்குப் பிறகாவது வேடம் மாறியதா? மறுபடியும் பணிப்பெண்தான்.

பிறகு சிட்னி பாய்ட்டியே வந்தார். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது 'டு சர், வித் லவ்' பார்த்துவிட்டு, அவர் மாதிரி கோட்டு தைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் உண்டு. அதே 1967-இல் வந்தது 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்'. ஒரு வெள்ளைக்காரப் பெண், தான் மணக்கப்போகும் கறுப்பரை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அவரோ உலகம் அறிந்த டாக்டர். படிப்பு, பண்பு, பேச்சு எதிலும் ஒரு குறை கிடையாது. தோலைத் தவிர மறுக்க வேறு காரணமே இருக்கக்கூடாது என்று கதையை அப்படி அமைத்தார்கள். அன்றைய நிலைமையில் அது துணிச்சல், நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளையாக உட்கார அவர் உலகப் புகழ் பெற்றிருக்கவேண்டும். ஒரு சாதாரணத் தபால்காரர் வந்திருந்தால்?

கெட்டவனாக மட்டும் காட்டுவது ஒரு கூண்டு. மகானாக மட்டும் காட்டுவதும் கூண்டுதான், கொஞ்சம் வெள்ளையடித்த கூண்டு. இரண்டிலும் மனிதன் இல்லை.

2018-இல் பிரான்சில் பதினாறு கறுப்பின நடிகைகள் சேர்ந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னின்றவர் அய்ஸா மைகா என்ற நடிகை. "கறுப்பி என்பது என் தொழில் அல்ல" என்பது அதன் தலைப்பின் பொருள். நடிப்புதான் தொழில், ஆனால் தேடி வரும் வேடங்களோ நிறத்தைப் பார்த்து வருகின்றன என்பது அவர்கள் குறை. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளப் படிகளில் ஒன்றாக நின்று அதை உலகத்துக்கும் சொன்னார்கள்.

சரி, வேறு மாதிரி காட்ட முடியாதா? முடியும். கேமரா யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். 1934-இல் பிரெஞ்சு அரசு, ஆப்பிரிக்கக் காலனிகளில் அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது என்று ஆணை போட்டது. லாவால் ஆணை என்பார்கள். அதனால் 1955-இல் போலென் வியேராவும் அவருடைய ஆப்பிரிக்க நண்பர்களும் தங்கள் படத்தை ஆப்பிரிக்காவில் எடுக்க முடியாமல் பாரிஸிலேயே எடுத்தார்கள். இத்தனை காலம் அந்த மக்களைப் பற்றிய படங்களை அவர்களைத் தவிர எல்லோரும் எடுத்தார்கள்.

அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் செனகலின் உஸ்மான் செம்பேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மர்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு பிரெஞ்சில் நாவல்கள் எழுதினார். தன் மக்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு படிக்கத் தெரியாதவர்கள் என்பதால், நாற்பது வயதுக்குப் பக்கத்தில் மாஸ்கோ போய் சினிமா கற்றுக்கொண்டார். அவருடைய 'மாந்தாபி' (1968) என்ற படத்தை என் மகன் பாரிஸிலிருந்து ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தான். மாந்தாபி என்றால் மணியார்டர். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கதை இதுதான். டாக்கர் நகரில் இப்ராகிம் தியெங் என்றொரு நடுத்தர வயதுக்காரர். வேலை இல்லை. இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள். ஜம்பமான அங்கி, வீண் கௌரவம், நல்ல சாப்பாட்டில் ஆசை. பாரிஸில் தெரு பெருக்கும் அக்காள் மகன் 25,000 பிராங்குக்கு ஒரு மணியார்டர் அனுப்புகிறான். செய்தி தெரிந்ததும் கடன் கேட்க அக்கம்பக்கமெல்லாம் வாசலில் நிற்கிறது. தபால் ஆபீசுக்குப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்று, போட்டோ, முத்திரைத்தாள். பிறப்புச் சான்றுக்குப் போனால் பிறந்த தேதி கேட்கிறார்கள். அது அவருக்கே தெரியாது. போட்டோக்காரன் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறான். கடைசியில் படித்த உறவினன் ஒருவன் உதவுவதாகச் சொல்லி அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, மொத்தப் பணத்தையும் சுருட்டிக்கொள்கிறான்.

இந்தப் படத்தில் ஏமாளி கறுப்பர், ஏமாற்றுகிறவனும் கறுப்பன். வீராப்பு பேசுகிறவர், வாயாடி மனைவிகள், கடன்காரர், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று எரிந்து விழும் குமாஸ்தா, எல்லோரும் கறுப்பினத்தவர். பத்து நிமிடத்தில் நிறம் மறந்துபோகிறது. மனிதர்கள் மட்டும் தெரிகிறார்கள். தியெங்கைப் பார்த்துச் சிரித்தேன், என் சித்தப்பா ஞாபகம் வந்தது.

அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. அவன் நான்.

நான் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு கிழவி மூன்று முறை வந்தாள். புருஷன் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டல் ஒன்று, பின்னால் நாம் எழுதியது ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "சரி பண்ணிக்கொண்டு வாம்மா" என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன். நான்காவது முறை அவள் வரவில்லை. விதிப்படிதான் செய்தேன் என்று முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்கர் நகரத்துக் குமாஸ்தாவும் விதிப்படிதான் செய்தான்.

ஓமர் சியின் சிரிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பாய்ட்டியேயைப் பார்த்து மரியாதைப்பட்டேன். வெட்கப்பட்டது அந்தக் குமாஸ்தாவைப் பார்த்துத்தான். நம்மைப் போன்ற சாதாரண ஆளாக இருந்தால்தான் அவனிடத்தில் நம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. விதவிதமான பாத்திரங்கள் வேண்டும் என்று நான் கேட்பது அவர்களுக்குச் செய்யும் தர்மம் அல்ல. பார்க்கிற நமக்குத்தான் அதில் லாபம்.

"நமக்கென்ன வந்தது, நாம் கறுப்பர்களா?" என்றும் நண்பர் கேட்டார். 1968-இல் 'த பார்ட்டி' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு, தொட்டதையெல்லாம் உடைக்கும் இந்தியனாக வந்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது. வெளியில் நம் முகத்தையும் மற்றவர்கள்தான் வரைந்தார்கள்.

நம் கையில் கேமரா இருக்கும்போது நாம் மட்டும் யோக்கியமா? 'சிங்கம் 2' (2013) படத்தில் கறுப்பின நடிகருக்குக் கிடைத்த வேடம் போதைப்பொருள் கடத்தும் கும்பலின் தலைவன். நம் கதாநாயகன் அடித்துத் துவைக்க ஓர் உடம்பு. பக்கத்து மலையாளத்தில் 2018-இல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்றொரு படம் எடுத்தார்கள். மலப்புறத்தில் கால்பந்து ஆட வந்த நைஜீரிய இளைஞன் காயம்பட்டுப் படுக்கிறான். மேனேஜர் வீட்டில் வைத்து, அவருடைய வயதான தாயும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் ஆப்பிரிக்கர் எல்லோரும் 'சுடானி'தான், நைஜீரியா வேறு நாடு என்பது யாருக்கும் உறைப்பதில்லை. அந்த அறியாமையையும் படம் மறைக்கவில்லை. அவனுக்கும் ஊரில் பாட்டி இருக்கிறாள், தங்கைகள் இருக்கிறார்கள், கவலை இருக்கிறது. அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை. அவனை மனிதனாக நினைத்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 'மாந்தாபி' தட்டை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால், அவர் திருப்பிக் கொடுத்ததும் தருகிறேன். காகிதம் எதுவும் கேட்கமாட்டேன்.