பரணில் ஏறினால் பத்திரமா?

காட்டுப்பன்றியைச் சுட வனத்துறைக்கு அரசு 2025 ஜனவரியில் அனுமதி கொடுத்தாலும் கொடுத்தது, தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை துப்பாக்கிப் பேச்சு பெருகிவிட்டது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர் மட்டும் என்ற நிபந்தனையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வண்டலூர் காட்டோரம் சிறுத்தை என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், அது எந்த ஊரில் எடுத்தது என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "ஒரு பரணைக் கட்டி, ரைபிளோட ஒருத்தரை ஏத்தி உட்கார வைங்க. ஒரே ராத்திரியில முடிஞ்சிடும். யாருக்கும் ஆபத்தில்ல." கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. உயரத்தில் உட்கார்ந்தவன் பத்திரமாக இருக்கிறான், கீழே இருப்பவர்களும் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இரண்டு பாதியுமே தப்பு.

இப்படிச் சொல்கிறவர்கள் கடைசியில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டை இழுப்பார்கள். சரி, கார்பெட்டையே பார்ப்போம். நானூறு பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் பனார் சிறுத்தையை அவர் 1910-ல் மரத்தின் மேலிருந்துதான் எதிர்கொண்டார். கீழே இரையாக ஆடு. அடிமரத்தில் முள்கிளைகளைக் கட்டுக்கட்டாக வைத்துக் கயிற்றால் இறுக்கச் செய்தார். சிறுத்தை மரமேறும் என்று அவருக்குத் தெரியும். இருட்டில் அது வந்தது; ஆட்டை விட்டுவிட்டு முள்ளைப் பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தது. கார்பெட்டைக் காப்பாற்றியது முள், உயரமல்ல. பிறகு ஆட்டிடம் வந்ததைச் சுட்டார், காயம்தான் பட்டது. இறங்கி, தீப்பந்தம் பிடித்த ஊராரோடு தேடிப் போனபோது அது பாய்ந்து வர, கூட வந்தவர்கள் பந்தங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். தரையில் கிடந்த அந்த வெளிச்சத்தில்தான் அவரால் அதைக் கொல்ல முடிந்தது. பரண் மேல் இருக்கும்வரை வேட்டை பாதிதான். மிச்சப் பாதிக்குத் தரையில் இறங்கியே ஆகவேண்டும். ஒரே ராத்திரிக் கதையும் அவரிடம் எடுபடாது. ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிக்காக 1926-ல் ஒரு மாமரத்தில் பத்து இரவு காத்திருந்து, பதினோராவது இரவில்தான் அதை வீழ்த்தினார்.

அது அந்தக் காலம், இப்போது கருவிகள் வந்துவிட்டன என்பார்கள். 2021-ல் மசினகுடி, கூடலூர் பகுதியில் டி-23 புலியைத் தேடியபோது ட்ரோன், கேமரா, கும்கி யானைகள், பரண் எல்லாமே இருந்தன. ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. மயக்க ஊசி பட்ட பிறகும் அது இருட்டில் காட்டுக்குள் நழுவி, மறுநாள் அக்டோபர் 15 அன்றுதான் பிடிபட்டது. சுட விட்டிருந்தால் முன்பே முடிந்திருக்கும் என்பது வெறும் பேச்சு. ஊசியோ தோட்டாவோ, முதலில் விலங்கு கண்ணில் பட வேண்டுமே?

மேலிருந்து சுட்டால் தோட்டா மண்ணில் புதைந்துவிடும் என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. அதற்கு நேர்கீழே மண் இருக்க வேண்டும். இங்கே இருப்பது பாறை, தார்ச்சாலை, காம்பவுண்டுச் சுவர், அதற்குப் பின்னால் நாலு மாடிக் குடியிருப்பு. பாறையில் பட்ட தோட்டா எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவனால் சொல்ல முடியாது. புதுக்கோட்டை நார்த்தாமலையில் 2021 டிசம்பரில், துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து தவறி வந்த தோட்டா, தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். பயிற்சிக்கென்றே ஒதுக்கிய இடத்திலேயே இந்தக் கதி என்றால், பெருங்களத்தூரில் நள்ளிரவில், பதற்றத்தில் இருக்கும் ஒருவன் சுடும் தோட்டாவுக்கு யார் பொறுப்பு?

விலங்கே வராவிட்டாலும் பரண் ஆளைக் கொல்லும். மரத்தில் இருக்கை கட்டி மான் வேட்டையாடுவது சட்டப்படி நடக்கும் அமெரிக்காவில், அந்த இருக்கையிலிருந்து விழுவதே பெரிய ஆபத்து. தரையை விட்டுக் காலெடுத்ததிலிருந்து திரும்பிக் கால் ஊன்றும்வரை உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார் மாட்டியிருக்க வேண்டும். தோட்டாவைக் கழற்றிய பிறகே, ஆள் ஏறி உட்கார்ந்தபின், துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். சவுக்குக் கம்பில் அவசரமாகக் கட்டிய பரணில், தோளில் குண்டு போட்ட துப்பாக்கியோடு ஏறச் சொல்கிற நம்மவர்களுக்கு இதில் ஒன்றாவது தெரியுமா?

சட்டமும் இவர்கள் நினைப்பதுபோல் இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட சிறுத்தையைக்கூட, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்தில் காரணம் காட்டினால்தான் சுடலாம். ஊர்க்கூட்டம் போட்டு எடுக்கிற முடிவல்ல அது. விலங்கு ஊருக்குள் வருவதில் நம் பங்கையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நெடுங்குன்றம் சாலையில் முதலை போனதைப் பார்த்து ஊரே நடுங்கியது. ஏரியில் முதலை இருப்பது தெரிந்தும் கரைவரை மனை போட்டு விற்றபோது யாரும் நடுங்கவில்லை. கோழிக்கழிவை மூட்டை மூட்டையாக ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் கொட்டுகிறோம். அதைத் தின்ன நாய் வருகிறது. நாயைத் தேடி சிறுத்தை வரும். பரண் கட்ட ஆள் திரட்டுகிறவர்கள் அந்த மூட்டைகளை எடுக்கச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனுவாவது கொடுக்கட்டும்.