களைப்புக்குக் குளிசையா, மூலிகையா?

பாலாவி உப்பளங்களில் வெயிலில் உழைக்கும் பெண்களும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் கேட்பது ஒன்றே: "களைப்புப் போக என்ன எடுக்கலாம்?" சிலர் பாமசிக் குளிசையைக் காட்டுகின்றனர். "இங்கிலிஷ் மருந்து சூடு" என்று வேறு சிலர் மூலிகை டொனிக்கைக் காட்டுகின்றனர். களைப்பு எதனால் வந்தது என்று இரு சாராருமே கேட்பதில்லை.

பெண்களின் சோர்வுக்கு இரத்தச்சோகை ஒரு முக்கிய காரணம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். முருங்கை இலையில் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் தாவர இரும்பை உடல் சிறிதளவே உறிஞ்சும். தேசிக்காய்ப்புளி சேர்த்தால் அது கூடும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். எனவே இலைக்கஞ்சி நல்ல உணவு. முற்றிய சோகைக்கு அது மட்டும் போதாது. அங்கே மலிவான இரும்புக் குளிசையே வேண்டும். மலம் கறுக்கிறதே என்று பயந்து அதை இடையில் நிறுத்தக் கூடாது.

மாணவரிடம் நிலைமை வேறு. மெதைல்பெனிடேட் என்ற மருந்து, கவனக்குறைபாட்டு நோயுள்ளவர்களுக்கு வைத்தியர் கொடுப்பது. கண்விழித்துப் படிப்பதற்காக மற்றப் பிள்ளைகள் அதை விழுங்கினால் நித்திரை கெடும்; இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். வல்லாரைச் சம்பல் நல்லதுதான்; ஆனால் அது நினைவாற்றலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. படித்ததை மனதில் பதிய வைப்பது நித்திரையே.

இயற்கையானது என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகி விடாது. தெற்காசியாவில் தயாரித்து அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பற்றிய ஆய்வொன்று 2004இல் வெளியானது. அவற்றுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. நம் முற்றத்து இலை வேறு. உள்ளே இருப்பது தெரியாத போத்தல் வேறு.

1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, ஒரு மருந்தை அதன் தேவை, பயன், பாதுகாப்பு, விலை ஆகியவற்றால் எடைபோட வேண்டும் என வலியுறுத்தினார். அதே தராசில் மூலிகை டொனிக்கையும் வைப்போம்.

ஆகவே டொனிக் வாங்கும் முன் மருத்துவ மாதுவிடம் பேசுங்கள். அரசினர் வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதியுங்கள். சோகை, நீரிழிவு, தைரொயிட் எதுவும் இல்லையெனில், வீட்டைப் பாருங்கள். எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்டு, எல்லோரும் உறங்கிய பின் உறங்கும் தாயின் களைப்பைத் தீர்க்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அவளுக்கு வேண்டியது கறியில் சரி பங்கும், வேலையில் ஒரு கை உதவியுமே.