கடைக்காரன் கையில் சாவி

மணவூர் ஸ்டேஷனில் காலை வேளையில் சென்னை வண்டிக்குக் காத்து நிற்கும் வாலிபர்களில் பலர் செல்போனில் விளையாடிக்கொண்டிருப்பதைக் காணலாம். “இந்த அற்ப விஷயத்திற்கு ஒரு தலையங்கமா?” என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவசியம் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். பணம் வைத்தாடும் ஆட்டங்களைப் பற்றி நாம் இங்கே பிரஸ்தாபிக்கவில்லை. அவற்றைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. விலை கொடுத்து வாங்கும் சாதாரண விளையாட்டுகளையும், அவற்றை விற்கும் கடைகளையும் பற்றியதே நமது பேச்சு. கடைத்தெருவில் வாங்கிய பந்து வாங்கியவனுக்குச் சொந்தம். இக்கடைகளில் வாங்கியதோ, கடைக்காரன் கதவைத் திறந்து வைத்திருக்கும் வரையில்தான் உபயோகப்படும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு வியாபாரத்தில் 2003-ல் தோன்றிய ஸ்டீம் கடை நெடுங்காலம் கொடி கட்டிப் பறந்தது. விற்பனையில் பொதுவாக நூற்றுக்கு 30 வீதம் தரகு எடுத்தது. 2018 டிசம்பரில் எபிக் கடை போட்டிக்கு வந்து, 12 போதும் என்றது. வாடிக்கைக்காரரை இழுக்கப் பல விளையாட்டுகளை இலவசமாகவும் வழங்கியது. போட்டியால் நன்மை உண்டு என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் ஒரு கடையில் ஐம்பது விளையாட்டுகள் வாங்கிய ஒருவன் மறு கடைக்கு மாற விரும்பினால், அவற்றைக் கையோடு கொண்டுபோக வழியில்லை. மறுபடியும் விலை கொடுக்க வேண்டும். அல்லது பழைய கடையின் வாசலிலேயே காத்துக் கிடக்க வேண்டும். சிநேகிதரோடு சேர்ந்து விளையாடுவதற்குக்கூடத் தடை இருந்தது. எதிராளிக் கம்பெனிகளின் பெட்டிகளில் விளையாடுவோருடன் தன் பெட்டிக்காரர் சேர்ந்து ஃபோர்ட்நைட் ஆட ஸோனி கம்பெனி 2018 செப்டம்பரில்தான் இணங்கிற்று.

நமது பக்கத்து ஜனங்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் திறக்கப்பட்ட, மணவூர் வழியே செல்லும் ரயில் பாதை அகலப் பாதை. அரக்கோணத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் பின்னர் போட்டது மீட்டர் பாதை. இரண்டு கம்பெனிகள், இரண்டு அளவுகள். ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்றினாலன்றி அப்பால் போகாது. தேசத்துப் பாதைகளை ஓரளவாக்கும் திட்டம் 1992-ல்தான் தொடங்கிற்று. அளவு ஒன்றானதால் ரயில்வே நஷ்டமடைந்து அழிந்துவிட்டதா?

மலிவு விலையை மட்டும் நம்புவோருக்குத் தூத்துக்குடியை ஞாபகமூட்டுகிறோம். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அதனை நசுக்க முற்பட்டது. 1911-ல் ஸ்வதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அன்று கப்பலேறிய பிரயாணியாவது அடுத்த பிரயாணத்தில் வேறு கப்பலை நாடலாம். இன்று விளையாட்டு வாங்குவோனுக்கு அந்தச் சுதந்திரமும் முழுமையாக இல்லை.

செல்போன் உலகிலும் நிர்ப்பந்தம் குறைவன்று. பிளே ஸ்டோரில் விற்போர் தன் வசூல் முறையையே உபயோகிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தியதற்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டிக் கமிஷன் கூகிளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் அப்பீலில் அது சுமார் 216 கோடியாகக் குறைந்தது. விவகாரம் பின்னர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. இதனிடையே 2024 பிப்ரவரியில் போன்பே கம்பெனி இண்டஸ் என்னும் கடையைத் தமிழ் உட்பட 12 இந்திய பாஷைகளில் திறந்தது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் அப்போது போன்பேயின் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டினுடையது என்பதையும் மறக்கலாகாது. பெயர்ப்பலகையைப் பார்த்து ஸ்வதேசி என்று மகிழ்வது பேதைமை. உண்மையான உள்நாட்டுக் கடையே ஆயினும், வாங்கினவனைக் கட்டிப்போடுமாயின் அது எஜமானன் மாறியதாகுமேயன்றி விடுதலையாகாது.

ஒரு கடையில் விற்ற சரக்கை மறு கடை சுமப்பானேன், அதற்குச் செலவில்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நியாயமான ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் முடியாத காரியம் என்று சொல்ல வேண்டாம். டெலிபோன் கம்பெனியை மாற்றினாலும் பழைய நம்பரை வைத்துக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியில் தேசமெங்கும் வந்தது. 2016-ல் வந்த யுபிஐ முறையில், எந்தப் பாங்கிக் கணக்கிலிருந்தும் எந்தப் பாங்கிக் கணக்கிற்கும் பணம் போகிறது. போட்டி ஒழிந்ததா? வளர்ந்தது.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. விலைக்கு வாங்கினவன் தன் விளையாட்டுகளையும், அவற்றில் அடைந்த முன்னேற்றத்தையும் கடை விட்டுக் கடை கொண்டுபோகும் உரிமை பெற வேண்டும். விற்போர் தமக்கு இசைந்த வழியில் பணம் வசூலிக்க இடம் தர வேண்டும். கடை மூடப்பட்டால், வாங்கினவை பாழாகாமலிருக்கக் கடைக்காரனே பொறுப்பேற்க வேண்டும். 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் நகல், பெருங் கம்பெனிகளை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் கொள்கையை ஒப்புக்கொண்டது. அக்கொள்கையைக் கம்பெனிகளின் கூக்குரலுக்கு அஞ்சிக் கைவிடலாகாது.

இன்று விளையாட்டு, நாளை புஸ்தகம், பாட்டு, பாடசாலைப் பாடம் யாவும் இதே கடைகளின் வழியே வரும். விலையை நாம் கொடுத்துச் சாவியை அவர்களிடம் விட்டுவைக்கும் வழக்கத்தை இப்போதே ஒழிக்காவிட்டால், பிற்பாடு வருந்திப் பயனில்லை. தேசபக்தர்கள் இவ்விஷயத்தை விளையாட்டென்று எண்ணாமல் கையிலெடுக்க வேண்டும்.