ஆளைப் பார்த்துப் பரிசோதனையா?

ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்ற ஜனங்களில் யாருக்கு எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்வது, யாரை விட்டுவிடுவது என்பதைப் பற்றி அமெரிக்க வைத்தியர்களுக்குள் சுமார் இருபது வருஷ காலமாக ஒரு வாதம் நடந்து வருகின்றது. வருகிறவர் எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி. கிருமி இருக்கக் கூடியவர் என்று கருதப்படுகின்றவர்களை மாத்திரம் பொறுக்கியெடுத்துச் செய்தால் போதும் என்பது மற்றொரு கட்சி. மேலாகப் பார்த்தால் இது வைத்தியர்கள் தங்களுக்குள்ளாகவே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய தொழில் விஷயம் போலத் தோன்றும். ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், ஒரு மனிதனுடைய வியாதியை அவனுடைய இரத்தத்தைக் கொண்டு அறிவதா, அல்லது அவனைப் பற்றி மற்றவர்கள் மனதில் வைத்திருக்கும் எண்ணத்தைக் கொண்டு அறிவதா என்கிற கேள்வியே இதற்குள் அடங்கியிருக்கின்றது என்பது விளங்கும். ஆதலால் இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, இந்தப் பரிசோதனைக்கு அவசர சிகிச்சைப் பிரிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கா பணக்கார நாடுதான். ஆனாலும் இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழைக்கு அங்கே வைத்தியர் வீட்டுக் கதவு சுலபத்தில் திறப்பதில்லை. 1986ஆம் வருஷத்தில் ஏற்பட்ட ஒரு சட்டத்தின்படி, சர்க்கார் வைத்திய நிதியைப் பெறுகின்ற ஆஸ்பத்திரிகள் தங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரைப் பணமில்லை என்ற காரணத்துக்காகப் பார்க்காமல் திருப்பியனுப்பக் கூடாது. ஆகவே வேறு போக்கிடம் இல்லாதவர்கள் கால் ஒடிந்தாலும் காய்ச்சல் கண்டாலும் அங்கேதான் வருகின்றார்கள். இவர்களில் பலர் வருஷத்தில் காணுகின்ற வைத்தியர் அந்த ஒருவரே ஆவார். அவ்விடத்தில் கண்டுபிடிக்கப்படாத வியாதி வேறெங்கே கண்டுபிடிக்கப்படப் போகின்றது?

இரண்டாவது, இந்த வியாதியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் புகுந்த பிறகு பல வருஷ காலம் வரையில் வெளியே ஒரு குறியும் காட்டாமல் இருக்கக்கூடும். அந்தக் காலமெல்லாம் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உள்ளுக்குள்ளேயே அரித்துக் கொண்டிருக்கும். மற்றவர்களுக்கும் தொற்றிக் கொண்டிருக்கும். 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வழக்கத்திற்கு வந்தது. கிருமி இருப்பது தெரிந்தவுடனே மருந்தைத் தொடங்குவதுதான் நல்லது என்பது 2015இல் பெரிய ஆராய்ச்சி ஒன்றின் மூலம் ருஜுவாயிற்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிய நிலையிலேயே இருந்துவருகிறவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதும் இப்போது ஸ்தாபிக்கப்பட்ட உண்மையாகும். எனவே அறிந்தவனுக்கு இது மருந்துக்கு அடங்குகிற வியாதி. அறியாதவனுக்கோ இது சாவு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு சிறு குழாய் இரத்தந்தான்.

நிற்க, ஆளைப் பொறுக்கியெடுக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். 1981இல் அமெரிக்காவில் இவ்வியாதி முதன்முதல் எழுதி வெளியிடப்பட்டபோது அது ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடத்தில் காணப்பட்டது. உடனே அது அவர்களுடைய வியாதி என்று பேர் கட்டப்பட்டது. பிறகு போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள், இரத்தம் உறையாத பிறவிக் குறையுள்ளவர்கள், ஹெய்ட்டி தேசத்தார் ஆகியோரும் அந்த ஜாபிதாவில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தேசத்தில் பிறந்ததே வியாதிக்கு அடையாளம் என்று சொல்லப்பட்டதென்றால் இதன் யோக்கியதையை வாசகர்களே உணர்ந்து கொள்ளலாம். இதனால் இரண்டு கெடுதிகள் உண்டாயின. ஜாபிதாவில் உள்ளவன் அவமானத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கம் வராமல் ஒளிந்தான். ஜாபிதாவில் இல்லாதவன் தனக்கு வராது என்று நம்பி ஏமாந்தான். கிருமிக்கோ ஜாபிதா ஏது? அது பாவ புண்ணியம் பார்ப்பதுமில்லை, தேசம் பார்ப்பதுமில்லை.

நம் ஊர் அனுபவமும் இதற்கு விரோதமானதல்ல. இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமோனும் அவரிடம் படித்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் இரத்தத்தை எடுத்து, வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்துக் கண்டார்கள். ஒருவரும் நம்பாத காலத்தில் இன்ன இடத்தில் தேடவேண்டும் என்று யோசித்துத் தேடியது அறிவான காரியமே என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? கிருமி இருந்ததற்காகவே பெண்கள் காவல் இல்லங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களை வெளியே விட 1990இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டியிருந்தது. அவர்களைப் பழித்துக் கொண்டிருந்த அதே வருஷங்களில், புருஷனைத் தவிர வேறொருவரையும் அறியாத குடும்பப் பெண்கள் பலர் தங்கள் புருஷர்களிடமிருந்தே கிருமியைப் பெற்றுக் கொண்டிருந்தார்கள். அவர்களைப் பரிசோதிக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றிற்று?

இனி அமெரிக்க விஷயத்துக்கு வருவோம். 2006இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமானது, 13 வயது முதல் 64 வயது வரையுள்ள எல்லோருக்கும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலொழிய, வைத்தியம் நடக்கும் எல்லா இடங்களிலும் இப்பரிசோதனையைச் சாதாரணமாகச் செய்து வரவேண்டும் என்று சிபார்சு செய்தது. கண்டுபிடிக்கப்படாத கிருமி ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கிறதென்று ருஜுவான இடங்களுக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்தது.

இச்சிபார்சை டென்வர் நகர ஆஸ்பத்திரியில் 2007 முதல் 2009 வரை நடத்திப் பார்த்தார்கள். சில மாதங்கள் டாக்டர் சந்தேகப்பட்டவர்களுக்கு மாத்திரம் பரிசோதனை. சில மாதங்கள் எல்லோருக்கும் பரிசோதனை என்பதாக மாற்றி மாற்றிச் செய்தார்கள். சந்தேகத்தின் பேரில் செய்த காலத்தில் தகுதியுள்ளவராய் வந்த 29,925 பேரில் பரிசோதிக்கப்பட்டவர்கள் 243 பேர். புதிதாகக் கிருமி கண்டது 4 பேருக்கு. எல்லோருக்கும் என்று வைத்த காலத்தில் 28,043 பேரில் 6,933 பேர் பரிசோதிக்கப்பட்டு 15 பேருக்குக் கிருமி கண்டது. இந்த 15 பேரில் 5 பேர் டாக்டர்கள் தாங்களாகவே சந்தேகப்பட்டுச் சோதித்தவர்கள். ஆகவே டாக்டருடைய சந்தேகம் ஒரு காலத்தில் 4 பேரையும், மறு காலத்தில் 5 பேரையும் கண்டது. மற்ற 10 பேரோ ஒரு டாக்டரும் சந்தேகப்படாதவர்கள். சந்தேகத்தையே நம்பியிருந்தால் அந்தப் பத்துப் பேரும் கட்டுப் போட்டுக்கொண்டோ, மாத்திரை வாங்கிக்கொண்டோ தங்கள் கிருமியுடனேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் எதிர்க்கட்சியார் சொல்லுவதையும் நாம் நேர்மையாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிப்பதற்கு 6,702 பேருடைய இரத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நெஞ்சுவலிக்காரனும் விபத்தில் அடிபட்டவனும் நெருக்கிக் கொண்டிருக்கிற இடத்தில் நர்சுகளின் நேரமும் பணமும் சும்மா வருவதல்ல. எனவே முகத்தைப் பார்த்து அல்லாமல் கணக்கைப் பார்த்துப் பொறுக்கலாமே என்று டென்வர் வைத்தியர்கள் வயது, பால், இனம், உடலுறவு வழக்கம், போதை ஊசி, முன் பரிசோதனை ஆகியவைகளுக்கு மார்க்குப் போடும் ஒரு திட்டம் செய்தார்கள்.

இதையும் 2014 முதல் 2016 வரை டென்வர், பால்டிமோர், சின்சினாட்டி, ஓக்லாந்து ஆகிய நான்கு நகரங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சீட்டுப் போட்டாற்போல் ஜனங்களை மூன்று வகையாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. எல்லோருக்கும் என்று வைத்த வகையில் 25,469 பேரில் 6,744 பேர் பரிசோதனை செய்துகொண்டு 10 பேருக்குப் புதிதாகக் கண்டது. மார்க்குத் திட்டத்தில் 25,453 பேரில் 13,883 பேர் தேறி, 4,488 பேர் பரிசோதனை செய்துகொண்டு 7 பேருக்குக் கண்டது. பழைய வழக்கப்படி நடத்தையைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பொறுக்கிய வகையில் 25,639 பேரில் 7,099 பேர் தேறி, 3,173 பேர் பரிசோதனை செய்துகொண்டு 7 பேருக்குக் கண்டது. பத்துக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு ஒரு முறை மற்றொன்றைவிட மேலானது என்று கணக்கு சாஸ்திரப்படி சொல்ல முடியவில்லை. பொறுக்கியெடுத்த வகைகளில் சோதனைச் செலவு குறைந்ததும் உண்மையே. நமக்கு அனுகூலமில்லை என்பதற்காக ஒரு கணக்கை மறைப்பவன் பகுத்தறிவைப் பற்றிப் பேச யோக்கியதை அற்றவனாவான்.

அப்படியானால் இதிலிருந்து அறியவேண்டியது என்ன? வாசகர்கள் பத்தையும் ஏழையும் விட்டுவிட்டு மற்ற எண்களைப் பார்க்க வேண்டுகின்றோம். எல்லோருக்கும் என்று பேர் வைத்த வகையில் நாலில் மூன்று பேருக்குப் பரிசோதனை நடக்கவே இல்லை. பொறுக்கியெடுத்த வகையிலோ, உனக்கு அவசியம் வேண்டும் என்று பொறுக்கப்பட்ட 7,099 பேரிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடக்கவில்லை. யாரைப் பொறுக்குவது என்று வருஷக்கணக்காகத் தர்க்கம் செய்கின்றோமே தவிர, பொறுக்கியவர்களுக்குக்கூட நாம் பரிசோதனை செய்து முடிக்கவில்லை! நோய் தப்பிப் போகின்ற பெரிய ஓட்டை இதுதானே ஒழிய வேறல்ல. கேட்கிறவர் கூசிக்கொண்டு கேட்பதும், கேட்கப்பட்டவர் என்னைப் பார்த்து ஏன் கேட்டாய் என்று முகம் சுளிப்பதும் இருக்கிற வரையில் இந்த ஓட்டை அடைபடாது.

இதை அடைக்க இங்கிலாந்தில் ஒரு வழி செய்தார்கள். 2022 ஏப்ரல் முதல் லண்டன் நகரத்திலும், மான்செஸ்டர், சால்ஃபோர்டு, பிளாக்பூல், பிரைட்டன் முதலிய, இக்கிருமி மிக அதிகமாய்ப் பரவியுள்ள ஊர்களிலும், அவசர சிகிச்சைப் பிரிவில் வேறு எதற்காவது இரத்தம் எடுக்கப்படுகின்ற பெரியவர்களுக்கு, அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய, அதே இரத்தத்தில் எச்.ஐ.வி.யையும் மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி ஆகியவைகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். தனி ஊசியில்லை, அந்தரங்கத்தைத் துருவும் கேள்வியில்லை, உன்னை மாத்திரம் என்கிற பேச்சுமில்லை. இதிலும் பொறுக்குதல் இருக்கத்தான் இருக்கின்றது. ஆனால் இங்கே பொறுக்கப்பட்டது ஊரே தவிர ஆள் அல்ல. ஊரைப் பொறுக்குவது கணக்கு. ஆளைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குவது துவேஷம். இந்த வித்தியாசத்தைத்தான் நாம் வற்புறுத்துகின்றோம்.

ஆகவே நமது அபிப்பிராயம் என்னவென்றால், வியாதி அதிகமுள்ள இடங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்ற எல்லோருக்கும் இப்பரிசோதனை சாதாரண இரத்தப் பரிசோதனை போலவே கிடைக்க வேண்டும். பணமும் ஆளும் போதாத இடங்களில் பொறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், கேள்விகள் எழுதி வைக்கப்பட்டு ஏழை, பணக்காரன், ஆண், பெண், படித்தவன், படியாதவன் எல்லோரிடமும் ஒன்றுபோலக் கேட்கப்பட வேண்டுமேயல்லாது, நர்சின் கண்ணுக்கோ டாக்டரின் மூக்குக்கோ அதை விட்டுவிடக் கூடாது.

இதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. வேண்டாம் என்று சொல்லலாம் என்பது நோயாளிக்கு விளங்குகின்ற பாஷையில் சொல்லப்பட வேண்டும். வலியால் துடிக்கிறவனிடம் சொல்லாமலே எடுத்துவிட்டு, அவன் மறுக்கவில்லை என்று எழுதிக்கொள்வது சம்மதமாகாது, அது களவாகும். முதல் பரிசோதனையில் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் மறுபரிசோதனையால் உறுதிப்படுத்தாமல் முடிவு கூறக் கூடாது. முடிவு அவனைத் தவிர வேறொருவர் காதுக்கும் அநாவசியமாய்ப் போகக் கூடாது. கிருமி உள்ளது என்று சொன்ன அன்றே மருந்துக்கு வழி காட்டப்பட வேண்டும். மருந்துக்கு வழியில்லாத பரிசோதனை, கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கொடுக்காமல் ஆழத்தை மாத்திரம் அளந்து சொல்வது போன்றதாகும். இந்தியாவில் 2017இல் செய்யப்பட்டு 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும், தெரிந்து கொடுத்த சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும், சம்மதமில்லாமல் பிறருக்கு வெளியிடுவதையும், கிருமியுள்ளவரை வேற்றுமையாய் நடத்துவதையும் பொதுவாகத் தடுக்கின்றது.

எல்லோரையும் கேட்டால் நல்ல ஒழுக்கமுள்ளவர்கள் கோபித்துக் கொள்ளமாட்டார்களா என்று சிலர் கவலைப்படுகின்றார்கள். சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரத்தம் எடுத்தால் யாராவது கோபித்துக் கொள்ளுகின்றார்களா? வியாதியை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் நாம்தானே தவிர கிருமியல்ல. ஒருவரைக் கேட்டால் அவமானம். எல்லோரையும் கேட்டால் அது வழக்கம். அந்த வழக்கத்தை உண்டாக்குவதற்குச் செலவாகும் என்பது மெய்தான். ஆனால் கேட்க வெட்கப்பட்டதால் கண்டுபிடிக்கப்படாமல் திரும்பிப் போகின்றவனுடைய சாவுக்கு யார் விலை போட்டார்கள் என்று கேட்கின்றோம்.