பொம்மை நின்ற இடம்

சுரங்கப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை உறுத்தும். வளைந்த கூரை, ஈரத்தில் மின்னும் செங்கல், தொலைவில் ஒரு வெளிச்சப் புள்ளி எல்லாம் இருக்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டார். பூமிக்கடியில் படமெடுத்த முன்னோடியான பிரெஞ்சுக்காரர் நதார் அப்படி விட்டுவிடவில்லை. 1860-களில் பாரிஸின் கழிவுநீர்க் கால்வாய்களையும், பழைய கல் சுரங்கங்களில் அடுக்கிவைத்த லட்சக்கணக்கானோரின் எலும்புகளையும் மின்விளக்கின் துணையோடு படமெடுத்தார். மின்கலங்கள் மேலே தெருவில், கம்பிகள் கீழே. ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆனது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க யாரால் முடியும்? எலும்பு வண்டி இழுக்கும் தொழிலாளியின் இடத்தில், அவருடைய உடையை மாட்டி ஒரு பொம்மையை நிறுத்தினார். ஏமாற்றுதான், ஆனால் அந்த இருட்டிலும் ஒருவர் உழைத்தார் என்பதை அந்தப் பொம்மைதான் நமக்குச் சொல்கிறது. இன்றைய கேமராவுக்குச் சில நொடிகள் போதும். சுரங்கம் தோண்டுபவரையும் தூர்வாருபவரையும் படத்துக்கு வெளியே நிறுத்த இனி தொழில்நுட்பத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. அழகு கெட்டுவிடும் என்பார்கள். அந்தத் தொழிலாளர்கள் கட்டிய அழகுதானே அது!