குடிபெயரும் நாளில் திருவிளக்கு

ஆலயத்தில் திருப்பணி தொடங்குவதற்கு முன் பாலாலயம் அமைப்பது ஆகம மரபு. கருவறை மூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, வேறொரு சிறிய இடத்தில் எழுந்தருளச் செய்வர். சாரம் கட்டி, வேலை முடிந்து, கும்பாபிஷேக நாள் வரும்வரை நித்திய பூஜையும் நைவேத்தியமும் அங்கேயே நடைபெறும். பெரிய கருவறையிலிருந்து சிறிய இடத்துக்கு இறைவன் எழுந்தருளுகிறான். ஆனால் பூஜை தடைப்படுவதில்லை.

இல்லம் மாறும் குடும்பத்தார் முதலில் நெஞ்சில் இருத்த வேண்டியது இதுவே. பூஜையறையின் அளவு மாறலாம், ஊர் மாறலாம், விளக்கேற்றும் வழக்கம் மாறலாகாது. வண்டிக்கும் அட்டைப்பெட்டிக்கும் செய்யும் ஏற்பாட்டுக்கு முன்பாகவே இதற்கான ஏற்பாடு தொடங்க வேண்டும்.

பல ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை முதுமையில் விட்டுச் செல்வது எளிதன்று. இறைவனும் அவ்வாறு ஊர் விட்டு ஊர் சென்றதுண்டு என்பதை எண்ணினால் மனம் சற்று ஆறும். 1323-ஆம் ஆண்டில் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, முதுமை எய்தியிருந்த பிள்ளை லோகாசாரியர் உற்சவமூர்த்தியுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில், மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் அவர் பரமபதம் அடைந்தார். பெருமாளோ பல ஊர்களில் தங்கி, 1371-ஆம் ஆண்டில்தான் திருவரங்கம் திரும்பினார். இடையில் திருமலையில் எழுந்தருளியிருந்த இடம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றே வழங்குகிறது. திரும்பி வந்தவர் பழைய பெருமாள்தானா என்று ஊரார் ஐயுற்றபோது, கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர் ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டு அடையாளம் கண்டு, நம்பெருமாள் என்று போற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

காஞ்சியிலிருந்து புறப்பட்ட பங்காரு காமாட்சியோ திரும்பிச் செல்லவில்லை. பல இடங்களைக் கடந்து தஞ்சையை அடைந்து, மேலவீதியில் கோயில் கொண்டாள். அவளுக்குப் பூஜை செய்த மரபினரும் உடன் வந்தனர். அந்த மரபில் தோன்றியவரே சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரிகள். ஒருவர் திரும்பினார்; ஒருத்தி வந்த இடத்திலேயே நிலைபெற்றாள். இருவருக்கும் பூஜை செய்யும் கைகள் உடன் சென்றன. குடிபெயரும் இல்லத்துக்கு வேண்டியதும் அதுவே.

ஒரு மாதத்துக்கு முன்பே

புதிய இல்லம் மகனுடையதாகவோ மகளுடையதாகவோ இருந்தால், அங்கே பூஜைக்கென இருப்பது பெரும்பாலும் ஓர் அலமாரித் தட்டாகவே இருக்கும். அதன் நீளத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே அளந்து வரச் சொல்லுதல் நன்று. அந்த அளவைத் தரையில் கோலமாவினால் வரைந்து, எவை அதனுள் அமையும் என்று வைத்துப் பார்க்கலாம். குலதெய்வம், இஷ்டதெய்வம், நாள்தோறும் ஏற்றிய விளக்கு ஆகிய மூன்றுக்கும் முதலிடம். எஞ்சியவற்றை எடுத்துச் செல்வதா, பிறருக்கு அளிப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை, இத்தனை காலம் அவற்றைப் பூஜித்த பெரியவருக்கே உரியது. இளையோர் அதை அவரிடமே விட வேண்டும்; பெரியவரும் இடத்தின் அளவை மனத்தில் கொள்ள வேண்டும்.

துளசி மாடத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்வது பெரும்பாலும் இயலாது. ஆனால் மாடத்தைச் சுற்றி முளைத்திருக்கும் கன்றுகளில் இரண்டை, அந்த மண்ணுடனேயே தொட்டியில் நட்டு வைத்தால், புறப்படும் நாளுக்குள் வேர்பிடித்துவிடும்.

பிரித்து வைக்க வேண்டியவை

கண்ணாடி உடைந்த படங்களையும் நிறம் மங்கிய படங்களையும் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருவது பலரது வழக்கம். அவை மழையிலும் வெயிலிலும் கிடந்து, இறுதியில் குப்பையோடு சேர்கின்றன. சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே கழற்றிவிட்டு, தாளை மட்டும் கால் படாத இடத்தில் மண்ணுக்குள் வைப்பதோ, அக்கினியில் சேர்ப்பதோ மரியாதையான முறை. நல்ல நிலையிலுள்ள படங்களை உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ, அவர்கள் விரும்பினால், வெற்றிலை பாக்குடன் தரலாம்.

சாளக்கிராமம், பாணலிங்கம் போன்றவற்றுக்கு நாள்தோறும் திருமஞ்சனமும் நைவேத்தியமும் வேண்டும். புதிய இல்லத்தில் அதைச் செய்வோர் இலர் என்றால், நியமத்துடன் பூஜிக்கும் குடும்பத்தாரிடமோ, மடத்திலோ முன்னதாகக் கேட்டு ஒப்படைக்கலாம். இதில் குற்றம் ஏதுமில்லை. பெட்டிக்குள் பட்டினியாக வைப்பதே கூடாதது.

பரணில் இருக்கும் ஏட்டுச்சுவடிகளையும் கையெழுத்துப் புத்தகங்களையும் பாராமல் கழிக்க வேண்டாம். பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றிலும், ஹோம நெருப்பிலும் இட்டுவிட்ட கொடுமையை உ.வே. சாமிநாதையர் வருத்தத்துடன் எழுதி வைத்துள்ளார். தஞ்சை சரசுவதி மகால் நூலகம், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் ஆகியன இத்தகைய சுவடிகளைப் போற்றிக் காக்கும் இடங்கள்.

மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கைக் காசு பல வீடுகளில் சாமி படத்தின் பின்னால் இருக்கும். எந்தத் தெய்வத்துக்கு, எதற்காக முடிந்தது என்பது அதை முடிந்தவருக்கு மட்டுமே தெரியும். புறப்படுமுன் அந்த நேர்த்திக்கடனைச் செலுத்திவிடுதல் சிறப்பு. இயலாதாயின், தெய்வத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, அதனுடனே கட்டி வைக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

இதைவிட முக்கியமானது ஒரு குறிப்பேடு. முன்னோர் ஒவ்வொருவரின் பெயர், மறைந்த மாதம், பட்சம், திதி, குடும்பத்தின் கோத்திரம், பேரக்குழந்தைகள் வரை அனைவரின் நட்சத்திரம், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழி, அங்குள்ள பூசாரியின் தொலைபேசி எண், குடும்பத்தில் எந்தப் பண்டிகைக்கு எந்த நைவேத்தியம் என்னும் வழக்கம் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். இவற்றுள் பல, பழைய பஞ்சாங்கங்களின் ஓரங்களில் எழுதப்பட்டிருக்கும். சில ஒருவரது நினைவில் மட்டுமே இருக்கும். ஊரை விட்டு வந்தபின் கேட்டறிய அண்டை வீட்டுப் பாட்டியும் இரார். குடும்ப வாத்தியாரும் இரார். ஒரு திதி மறந்துபோனால் ஒரு முன்னோரே மறக்கப்படுகிறார். பெரியவர் சொல்ல, பேரனோ பேத்தியோ எழுதினால், ஏடு நிறைவதோடு எழுதியவர் மனத்திலும் அது பதியும்.

உள்ளூர்க் கோயிலில் கட்டளையோ உபயமோ இருந்தால், புதிய முகவரியைக் கோயில் அலுவலகத்தில் தெரிவித்து வரவேண்டும். குருக்களிடமும் பட்டாச்சாரியாரிடமும் நேரில் விடைபெற்று, இல்லத்தார் அனைவரின் பெயரிலும் ஓர் அர்ச்சனை செய்து புறப்படுவது மனத்துக்கு நிறைவளிக்கும்.

நாளும் பொழுதும்

ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களில் புதுமனை புகுவதைத் தவிர்ப்பது வழக்கம். செவ்வாய், சனிக் கிழமைகளையும் இராகு காலத்தையும் விலக்குவர். ஆனால் வண்டியும் விடுமுறையும் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவதில்லை. இதற்கொரு வழி உண்டு. நல்ல மாதத்தில் நல்ல முகூர்த்தத்தில் சென்று பால் காய்ச்சி, விளக்கேற்றி வந்துவிட்டால், பண்டபாத்திரங்களைப் பின்னர் வசதியான நாளில் கொண்டு செல்லலாம். பிள்ளைகளின் அலுவலுக்கும் பெரியவர்களின் நம்பிக்கைக்கும் இதில் பிணக்கு எழாது.

புறப்படும் நாள்

பூஜைப் பொருள்களுக்கென ஒரு பெட்டி தனியே இருக்கட்டும். அதைக் கூலியாள்களிடம் விடாமல் வீட்டாரே கட்ட வேண்டும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கி, எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து, பாகம் பாகமாகக் கழற்றிப் பருத்தித் துணியில் சுற்றலாம். நித்திய விளக்கு, திரி, எண்ணெய், தீப்பெட்டி, குங்குமச் சிமிழ், மணி ஆகியவை வண்டியில் ஏறாமல் கைப்பையில் வர வேண்டும். வண்டி தாமதமானாலும் அன்றைய மாலை விளக்கு தாமதமாகாது.

அன்று காலையிலும் வழக்கம்போல் விளக்கேற்றி, காத்தருளிய இல்லத்துக்கு நன்றி கூறி வணங்க வேண்டும். விளக்கை ஊதி அணைக்காமல், பூவால் குளிர்விப்பதே மரபு. வீட்டைப் பெருக்கி, வாசலில் கோலமிட்டுச் செல்வது அடுத்து வருவோருக்கு அளிக்கும் ஆசி.

புதிய இல்லத்தில்

நிறைகுடம், மஞ்சள், உப்பு, அரிசி, பருப்பு, தெய்வப்படம், விளக்கு ஆகியன முதலில் உள்ளே செல்ல வேண்டும். பால் பொங்கியதும் முதல் பங்கு இறைவனுக்கு. மர அலமாரித் தட்டுக்குள் விளக்கேற்றினால் மேற்பலகை சூடேறும். ஆதலால் தாம்பாளத்தில் வைத்து வெளியே ஏற்றுவது பாதுகாப்பானது.

முதல் விளக்கை ஏற்றும் பொறுப்பை வீட்டின் மூத்தவருக்கே அளிக்க வேண்டும். மறுநாள் அதே வேளையில், அதே விளக்கை அவர் மருமகளோடோ பேத்தியோடோ சேர்ந்து ஏற்றட்டும். வேற்றூரில் காமாட்சிக்கு வாய்த்த கைகள் போல, அந்த விளக்குக்கும் அடுத்த கைகள் வாய்க்கும்.